முழங்கால் மாற்றியபின் எலும்பு கரைந்து மூட்டு தளர்ந்தால்: மருந்து எதுவரை, மறு அறுவை எப்போது?

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் அம்மாவுக்கு 69 வயது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்றியிருக்கிறார்கள். நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்கு ஆறு மாதமாக, உட்கார்ந்து எழுந்ததும் வைக்கும் முதல் சில அடிகளில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி. எக்ஸ்ரே பார்த்த ஒரு மருத்துவர், இம்பிளாண்டுக்கு (உள்ளே பொருத்திய செயற்கை மூட்டுக்கு) அடியில் எலும்பு கரைந்திருக்கிறது, மூட்டு லூசாகத் தொடங்கிவிட்டது, மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றிருக்கிறார். இன்னொருவர் வாரம் ஒன்று போடும் எலும்பு மாத்திரையை எழுதிக்கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். மருந்திலேயே எலும்பு திரும்ப வளர்ந்து மூட்டு இறுகிவிடாதா, எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்பது உங்கள் கேள்வி.

எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைதான் என் தொழில். அதிலும் பழைய செயற்கை மூட்டைக் கழற்றி மறுபடி பொருத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு குறையும் வேகத்தை மருந்து மட்டுப்படுத்தலாம். எலும்பிலிருந்து விட்டுப்போன இம்பிளாண்டை எந்த மருந்தும் திரும்ப ஒட்ட வைக்காது. எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதை வலியின் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது, எலும்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்னால், நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா? அது தெரியாமல் மாத்திரையும் சரியில்லை, ஆபரேஷனும் சரியில்லை.

முதலில் எலும்பு ஏன் குறைகிறது என்று பார்த்துவிடலாம். செயற்கை மூட்டில் தொடை எலும்பின் முனையில் உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பெரும்பாலும் உலோகத்தை எலும்போடு பிடித்து வைப்பது எலும்பு சிமெண்ட். எலும்பு உயிருள்ள பொருள். பாரம் விழும் இடத்தில் கெட்டிப்படும், பாரம் விழாத இடத்தில் மெலியும். இதை ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே விதியாக எழுதிவைத்தார். மூட்டு மாற்றியதும் பாரத்தின் பாதை மாறிவிடுகிறது. விறைப்பான உலோகம் பாரத்தைத் தானே வாங்கிக்கொள்வதால், தொடை எலும்பின் கீழ் முனையில், குறிப்பாக அதன் முன்பக்கத்தில், முதல் ஓராண்டுக்குள்ளேயே எலும்பு அடர்த்தி குறைகிறது. இது ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் மட்டும் மூட்டு தளர்வதில்லை. ஆகவே எக்ஸ்ரே அறிக்கையில் எலும்பு அடர்த்தி குறைவு என்று ஒரு வரி இருந்தாலே பயந்துவிட வேண்டாம்.

இரண்டாவது காரணம் வேறு மாதிரியானது. நடக்க நடக்க பிளாஸ்டிக் துண்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. பல துகள்கள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. உடலின் துப்புரவு செல்களான மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கிய செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்க, அது எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை எழுப்பிவிடுகிறது. இம்பிளாண்டின் ஓரத்தில் எலும்பு குழிவிழுந்து கரைவது இப்படித்தான். இதை முதலில் சிமெண்ட்தான் செய்கிறது என்று நினைத்தார்கள். 'சிமெண்ட் நோய்' என்ற பெயரே 1980-களில் புழங்கியது. சிமெண்ட் போடாத மூட்டுகளிலும் அதே குழிகள் வந்தபோதுதான், எதன் துகளானாலும் உடல் ஒரே மாதிரிதான் எதிர்வினை செய்கிறது என்பது விளங்கியது. பிளாஸ்டிக்கைக் காற்றில் வைத்துக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்த காலத்தில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, சீக்கிரமே செதில் செதிலாக உரிந்தது. அந்த முறையைக் கைவிட்டதும், மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பைக் கூட்டி உறுதியாக்கிய பிளாஸ்டிக் வந்ததும் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. உங்கள் அம்மாவின் மூட்டு ஒன்பது ஆண்டு வயதுடையது. இந்தத் தலைமுறை மூட்டில் இவ்வளவு சீக்கிரம் எலும்பு கரைந்திருந்தால், பிளாஸ்டிக் தேய்மானம் என்று உடனே முடிவு கட்டிவிட மாட்டேன். வேறு இரண்டு காரணங்களை முதலில் தேடுவேன்.

அவற்றில் ஒன்று அசைவு. உலோகத் தட்டின் பிடிப்பு ஏதோ ஒரு காரணத்தால் விட்டிருக்கலாம். கால் வளைவு முழுமையாக நேராகாமல் பாரம் ஒரு பக்கமே விழுந்திருக்கலாம், உடல் எடை கூடியிருக்கலாம், சிமெண்ட் எலும்புக்குள் சரியாக இறங்காமல் போயிருக்கலாம், அம்மாவின் எலும்பே முதலிலிருந்து மென்மையாக இருந்திருக்கலாம். பிடிப்பு விட்டபின் ஒவ்வொரு அடியிலும் தட்டு கொஞ்சம் அசையும். நட்ட கம்பம் ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டமே குழியை அகலமாக்கும் அல்லவா, இங்கும் அதேதான். எலும்பு குறைந்ததால் தளர்ந்ததா, தளர்ந்ததால் எலும்பு குறைந்ததா என்று பிரித்துச் சொல்வது பல சமயம் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. எலும்பு மாத்திரையால் மட்டும் இந்தச் சுழலை நிறுத்த முடியாமல் போவதற்குக் காரணமும் இதுதான். மருந்து ஆஸ்டியோகிளாஸ்டைத் தடுக்கும். தட்டின் அசைவை அது எப்படித் தடுக்கும்?

இன்னொன்று, நான் எப்போதும் முதலில் விலக்கப் பார்ப்பது, தொற்று. ஒன்பது ஆண்டு கழித்தா தொற்று என்று தோன்றும். வரும். பல்லிலோ சிறுநீர்ப் பாதையிலோ காலில் ஆறாத புண்ணிலோ இருக்கும் கிருமி ரத்தத்தின் வழியே எப்போது வேண்டுமானாலும் செயற்கை மூட்டில் போய் உட்காரலாம். வீரியம் குறைந்த கிருமி என்றால் காய்ச்சல் இருக்காது, சிவந்து வீங்கவும் செய்யாது. மெல்ல வலியும் தளர்வுமாக மட்டுமே தெரியும். அதனால் வலிக்கும் செயற்கை மூட்டு எதுவானாலும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் கட்டாயம். அவை உயர்ந்திருந்தால், அல்லது சாதாரணமாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை அடிக்கடி தவறவிடுகிறார்கள். இயற்கையான மூட்டில் சீழ்த் தொற்று என்று சந்தேகிக்க, ஒரு மைக்ரோலிட்டர் மூட்டு நீரில் 50,000 வெள்ளணு என்ற கணக்கைப் பலரும் மனதில் வைத்திருப்பார்கள். செயற்கை மூட்டில், அறுவை நடந்து பல காலம் ஆனபின், 3,000-ஐத் தாண்டினாலே, அல்லது அதில் 80 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளணுக்கள் இருந்தாலே, தொற்றாக இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். 8,000 என்று வந்த அறிக்கையைப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், செயற்கை மூட்டுக்கான அளவுகோலில் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

எடுத்த நீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பும்போது இரண்டு வாரம் வரை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், சில கிருமிகள் மெல்லத்தான் வளரும். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று இடையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் கல்ச்சரில் கிருமி தெரியாமலே போகலாம். நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால், ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி இரண்டு வாரமாவது கழித்து நீர் எடுப்பதுதான் வழக்கம். ஆகவே இந்தக் கட்டத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல, செயற்கை மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியோ, பி.ஆர்.பி., ஸ்டெம் செல் என்ற பெயரில் வரும் ஊசிகளோ வேண்டாம். தளர்வுக்கு அவை உதவும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. ஒவ்வொரு ஊசியும் கிருமி நுழைய ஒரு வழி. ஒன்றை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்: திடீரென்று மூட்டு வீங்கி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த நிலையில் சில நாள் தாமதமே மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பைக் குறைத்துவிடும்.

வலியைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விவரம் மிகவும் பயனுள்ளது. எழுந்ததும் முதல் சில அடிகளில் வலித்து, நடக்க நடக்கக் குறைவது, அதுவும் கீழ்க்கால் பக்கமாக வலிப்பது, கீழ்த் தட்டு தளர்ந்திருக்கலாம் என்பதற்குப் பழகிய அடையாளம். இரவில் படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்தால் தொற்றுப் பக்கம் சந்தேகம் கூடும். பல ஆண்டு வலியில்லாமல் இருந்து புதிதாக வலி வந்திருப்பதும், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதையே காட்டுகிறது. முதல் நாளிலிருந்தே வலி தீராதவர்களின் கதை வேறு. இருந்தாலும் இடுப்பு மூட்டையும் முதுகையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி முழங்காலில் தெரிவது சாதாரணம். எக்ஸ்ரேயில் தற்செயலாக ஒரு கோடு தெரிந்ததாலேயே, வலிக்கும் அதுதான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதி குழப்பம் அங்கேதான். தட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் எக்ஸ்ரேயில் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அது இரண்டு மில்லிமீட்டருக்குள், ஒரு பகுதியில் மட்டும், ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால், தட்டின் அடி முழுக்கப் பரவியிருந்தால், படத்துக்குப் படம் அகலமாகிக்கொண்டே போனால் அது தளர்வு. தட்டே சாய்ந்திருந்தாலோ கீழே இறங்கியிருந்தாலோ சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் எக்ஸ்ரே கதிர் தட்டின் விளிம்புக்கு நேராகப் போகாமல் சில டிகிரி சாய்ந்தாலே உலோகத்தின் நிழல் அந்தக் கோட்டை மூடிவிடும். ஒரு படத்தில் தெரிந்த கோடு அடுத்த படத்தில் காணாமல் போவதற்கு, எலும்பு வளர்ந்தது காரணமாக இருக்காது, படம் எடுத்த கோணம்தான் காரணமாக இருக்கும். இதற்காகவே சில இடங்களில் எக்ஸ்ரேயை நேரலையாகத் திரையில் காட்டும் ஃபுளோரோஸ்கோப்பியில் பார்த்து, கோணத்தைச் சரிசெய்து படம் எடுப்பார்கள். அறுவை முடிந்த சில வாரத்தில் எடுத்த படம், ஓராண்டில் எடுத்த படம், இடையில் எடுத்தவை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வீட்டில் பழைய எக்ஸ்ரே உறை எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். புதிதாக எடுக்கும் விலை உயர்ந்த ஸ்கேனைவிடப் பல சமயம் அதுதான் அதிகம் சொல்லும்.

எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சாதாரண எக்ஸ்ரே குறைத்தே காட்டும். உலோகத்துக்குப் பின்னால் மறைந்த குழிகள் அதில் தெரியாது. உலோகத்தின் சிதறலைக் குறைக்கும் முறையில் எடுத்த சி.டி. ஸ்கேன் அதற்கு உதவும். தொடைப் பகுதி உறை திருகி உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அதில் அளக்கலாம். எலும்பு ஸ்கேன் என்ற கதிரியக்க ஸ்கேனை அளவோடு நம்புங்கள். மூட்டு மாற்றியபின் ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும், எந்தக் கோளாறும் இல்லாமலே அது பளிச்சென்று தெரியும். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு அது முற்றிலும் அமைதியாக இருந்தால் தளர்வு இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். பளிச்சிட்டால் காரணம் தொற்றா தளர்வா என்று அது மட்டுமே சொல்லிவிடாது.

சரி, மாத்திரைக்கு வருவோம். வாரம் ஒருமுறை என்றால் அது பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் அல்லது ரிசெட்ரோனேட் வகை, பிஸ்பாஸ்பொனேட் என்ற குடும்பம். உறுதியாகச் சொல்லக்கூடியது: மூட்டு மாற்றிய முதல் ஓரிரு ஆண்டுகளில் இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு அடர்த்தி குறைவதை இந்த மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலும்புப்புரை உள்ளவர்களுக்கு முதுகெலும்பு, இடுப்பு முறிவுகளைக் குறைப்பதும் நன்றாக நிறுவப்பட்டது. கொஞ்சம் சந்தேகத்தோடு சொல்ல வேண்டியது: இந்த மருந்தை எடுத்தவர்களுக்கு மறு அறுவை குறைவாகத் தேவைப்பட்டது என்று பெரிய மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைக் கவனிப்பவர்களாக இருக்கலாம், எனவே முழுப் பெருமையும் மருந்துக்கே என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே தளர்ந்த மூட்டை இவை இறுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இந்த மாத்திரையை நான் தவறு என்று சொல்லவில்லை. 69 வயதுப் பெண்ணுக்கு எலும்புப்புரை இருக்கிறதா என்று இடுப்பு, முதுகில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இருந்தால் கொடுக்க வேண்டியதுதான். அது எலும்புப்புரைக்கான சிகிச்சை. மூட்டுத் தளர்வுக்கும் சேர்த்துச் சிகிச்சை நடக்கிறது என்ற நிம்மதியில் ஆறு மாதம் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எடுப்பதானால் முறையாக எடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதையும் அதனோடு சேர்க்கக் கூடாது, மருந்து உடம்பில் ஏறாது. பல் பிடுங்குவது போன்ற வேலைகள் இருந்தால் முன்பே முடித்துவிடுவது நல்லது. தாடை எலும்புச் சிதைவு அரிது, ஆனால் வந்தால் துன்பம். பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் தொடையில் காரணமில்லாமல் வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அந்த இடத்தில் எலும்பு தானாக விரிசல் விடும் ஒரு வகை முறிவு இருக்கிறது. சிறுநீரகத்தின் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு இந்தக் குடும்ப மருந்துகள் ஒத்துவராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இம்பிளாண்டைச் சுற்றிய எலும்பில் அது நன்மை செய்யலாம் என்று சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, அதற்கு மேல் இப்போது சொல்வதற்கில்லை. அந்த ஊசியைத் தொடங்கிவிட்டு, மாற்று மருந்து இல்லாமல் பாதியில் நிறுத்தினால் முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கும் அபாயம் இருப்பதை மட்டும் மறக்க வேண்டாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கால்சியம் உணவிலும் மாத்திரையிலுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும். அதற்கு மேல் விழுங்குவதால் எலும்பு கூடிவிடாது.

இப்போது காத்திருப்பதைப் பற்றி. தொற்று இல்லை என்று உறுதியாகி, தட்டு இடம் மாறாமல், கோடு மெல்லியதாக, வலி தாங்கக்கூடியதாக இருந்தால் மூன்று முதல் ஆறு மாத இடைவெளியில் அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு காத்திருப்பது நியாயமான முடிவு. குழி வளர்கிறது, ஆனால் அம்மாவுக்கு வலி அதிகம் இல்லை என்ற நிலைதான் மனதை ஏமாற்றும். எலும்பு கரைவது பல சமயம் வலிக்காது. வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், எலும்பின் ஓரச் சுவரே மெலிந்து, சின்னச் சறுக்கலில் முறிந்துபோய் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் செய்யும் அறுவை பல மடங்கு பெரியது. ஆகவே படத்துக்குப் படம் குழி பெரிதானால், வலி இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. தட்டு சாய்ந்துவிட்டால், உடம்பு அறுவையைத் தாங்கும் நிலையில் இருக்கும்வரை, தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை.

தாமதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அறுவை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் புரியும். பழைய உலோகத்தையும் சிமெண்டையும் எடுத்தபின் எவ்வளவு எலும்பு மிச்சம் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மூட்டின் விளிம்பு எலும்பு முழுதாக இருந்து, உள்ளே சில மில்லிமீட்டர் பள்ளம் மட்டும் இருந்தால், சிமெண்டோ எலும்புத் தூளோ வைத்து நிரப்பிவிடலாம், புதிய மூட்டும் ஏறக்குறைய பழைய வகையிலேயே போதும். ஒரு பக்கம் இடிந்திருந்தால் உலோகத் துண்டு வைத்து மட்டம் உயர்த்த வேண்டும், எலும்பின் தண்டுக்குள் இறங்கும் நீண்ட கம்பியும் வேண்டும். இரண்டு பக்கமும் குழிந்திருந்தால், துளைகள் நிறைந்த டான்டலம் அல்லது டைட்டானியக் கூம்பை உள்ளே இறுக்கி வைக்கிறோம், எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். கடந்த இருபதாண்டுகளில் இந்தத் துறையில் வந்த மிக நல்ல மாற்றம் இதுதான் என்பது என் கருத்து. முன்பு கைவிட்டிருக்க வேண்டிய மூட்டுகளை இப்போது நிற்க வைக்க முடிகிறது. தசைநார்கள் ஒட்டியிருக்கும் எலும்பே போய்விட்டால் கீல் வைத்த மூட்டு வேண்டும். இன்னும் மோசமானால் எலும்பின் முனையையே உலோகத்தால் மாற்ற வேண்டும். படிக்குப் படி அறுவை நேரமும், ரத்த இழப்பும், தொற்று அபாயமும் கூடுகின்றன, மறுபடி கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடுகிறது. தொற்று இருந்தால், பெரும்பாலும் பழைய மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்ட் துண்டைத் தற்காலிகமாக வைத்து, பல வாரம் மருந்து கொடுத்து, கிருமி அடங்கியபின் புதிய மூட்டை வைப்போம். பொருத்தமான சிலருக்கு ஒரே அறுவையில் முடிப்பதும் உண்டு.

மறு அறுவையின் பலன் முதல் அறுவையைப்போல இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி குறையும், நிலையாக நடக்கலாம், ஆனால் மடக்கும் அளவும் தெம்பும் முதல் தடவை கிடைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். காரணம் தெரியாமல், வெறும் வலிக்காகச் செய்யும் மறு அறுவைக்குப் பலன் இன்னும் குறைவு. எனவே 'ஏன் தளர்ந்தது?' என்ற கேள்விக்கு உங்கள் மருத்துவரிடம் தெளிவான விடை இல்லாதவரை தேதி குறிக்க வேண்டாம். உலோக ஒவ்வாமை என்று யாராவது சொன்னால், தொற்று, தளர்வு, கோணக்கோளாறு எல்லாவற்றையும் விலக்கியபிறகுதான் அதை யோசிக்க வேண்டும். தோலில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை, மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சரியாகக் காட்டுவதில்லை.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? உள்ளேயே அளவுகருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைச் சிலருக்கு வைத்து, பெர்லினில் நேரடியாக அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது மூட்டில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது, படி இறங்கும்போது மூன்றரை மடங்கு வரை. நிலைச் சைக்கிளை லேசாக மிதிக்கும்போது ஏறத்தாழ ஒரு மடங்குதான். ஆகவே தளர்வு சந்தேகம் இருக்கும்போது படி இறங்குவதைக் குறைத்து, தொடைத் தசைக்குச் சைக்கிளையோ, காலை நீட்டியபடி செய்யும் பயிற்சிகளையோ பிசியோதெரபிஸ்ட் சொல்லும்படி செய்யலாம். ஒரு கிலோ எடை குறைந்தால் மூட்டில் அதைப்போல் சில மடங்கு பாரம் குறையும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது அம்மா இடது கையில், பிடிக்க வேண்டும். அதே பக்கம் பிடிப்பவர்கள்தான் அதிகம், அதில் பயன் குறைவு. முழுக்கப் படுத்துவிடவும் வேண்டாம், பாரமே விழாத எலும்பு இன்னும் மெலியும். விழாமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். குளியலறையில் பிடிமானம், இரவில் விளக்கு, கண் பரிசோதனை, தலைசுற்ற வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றனவா என்ற கணக்கு, எல்லாம் பாருங்கள். புகைப்பழக்கம் யாருக்கு இருந்தாலும் எலும்பு சேர்வதையும் புண் ஆறுவதையும் கெடுக்கும்.

பொதுவான ஆறுதல் ஒன்று இருக்கிறது. 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்து, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று கணக்கிட்டது. உங்கள் அம்மாவின் இன்னொரு முழங்காலும் மாற்றியதாக இருந்தால் அதற்கும் இதே கதி என்று கலங்க வேண்டாம். ஆனால் அதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

படத்தைப் பார்க்காமல், காலைத் தொட்டுப் பரிசோதிக்காமல், மூட்டு தளர்ந்துவிட்டது என்றோ இல்லை என்றோ என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நான் எழுதியிருப்பதை வைத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மறு அறுவைகளை அடிக்கடி செய்யும் ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். போகும்போது எல்லாப் பழைய எக்ஸ்ரேக்களும், முதல் அறுவையின் குறிப்பும், அதில் ஒட்டியிருக்கும் இம்பிளாண்ட் ஸ்டிக்கரும் கையில் இருக்கட்டும். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால், தளராத பாகத்தை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னவரிடம், அதற்குள் ஒரு எக்ஸ்ரே மூன்றாவது மாதத்தில் அதே கோணத்தில் எடுக்கலாமா என்று கேளுங்கள். மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.